மலைநாட்டு வீதிக்கு அலோய் வீல்: மட்கார்ட் இடைவெளி கூடாமல் தெரிவு செய்வது எப்படி

எங்கள் டொயோட்டா அலியன் 260 காருக்கு முதன்முதலாக 17 அங்குல அலோய் வீல் போட்ட நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஹட்டன் டவுனில் கடை வாசலில் நின்றபோது அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது மனம் விழுந்துவிட்டது. ரிம் பெரிதாகியிருக்கிறது, அதோடு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் பெரிதாகியிருக்கிறது. முன்பு மூன்று விரல் இறுக்கமாக நுழைந்த இடத்தில் இப்போது நான்காவது விரலும் கிட்டத்தட்ட நுழைகிறது. மறுநாள் தோட்டத்து ரோட்டில் ஏறும்போது, அத்தனை வருடமும் தட்டாத ஒரு கல்லில் காரின் அடி தட்டியது.

இடைவெளி கூடினால் கார் உயர்ந்திருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். எனக்கு நடந்ததோ நேர்மாறு: கார் தாழ்ந்தது, இடைவெளி கூடியது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் நடந்தன என்பது புரிந்த பிறகுதான் சரியான வீலைத் தேடத் தொடங்கினேன். உங்களுக்கும் அது முதலில் புரிய வேண்டும்.

இடைவெளியை எது தீர்மானிக்கிறது

சக்கரத்தின் நடுப்புள்ளி, அதாவது ஹப், காரின் உடலுக்கு எவ்வளவு கீழே தொங்குகிறது என்பதை ஸ்ப்ரிங்தான் முடிவு செய்கிறது. நீங்கள் என்ன ரிம் போட்டாலும் அந்தத் தூரம் மாறாது. ஹப்பிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை உள்ள தூரத்தில் டயரின் அரை விட்டத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் இடைவெளி. ஹப்பிலிருந்து நிலம் வரை உள்ள உயரமும் அதே அரை விட்டம்தான்.

ஆகவே டயரின் மொத்த விட்டம் 26 மில்லிமீற்றர் குறைந்தால், மேலே இடைவெளி 13 மில்லிமீற்றர் கூடும், கீழே காரும் 13 மில்லிமீற்றர் தாழும். எனக்குக் கொடுக்கப்பட்ட டயர் 205/40 ஆர் 17, அதாவது அகலம் 205 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில் 40 சதவீதம், ரிம் 17 அங்குலம். அதன் விட்டம் சுமார் 596 மில்லிமீற்றர். அலியனின் கொம்பனி அளவான 185/65 ஆர் 15 டயரின் விட்டம் 621.5. அந்த வித்தியாசம்தான் மட்கார்டிலும் தெரிந்தது, கல்லிலும் தட்டியது.

அதனால் இடைவெளியைப் பொறுத்தவரை ரிம்மின் அங்குலம் இரண்டாம் பட்சம். டயரின் மொத்த விட்டமும் ஸ்ப்ரிங்கின் நிலையும்தான் கணக்கு. 'பாரமான ரிம் போட்டால் கார் கொஞ்சம் இறங்கும்' என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். ரிம்மின் பாரம் டயர் வழியாக நேராக நிலத்துக்குப் போகிறது; ஸ்ப்ரிங் அதைச் சுமப்பதில்லை. எத்தனை கிலோ கூடினாலும் கார் இறங்காது, மேட்டில் இழுவைதான் குறையும்.

முதலில் அளவெடுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு அளவு நாடா, ஒரு கொப்பி, ஒரு தூக்குநூல் எடுத்துக்கொள்ளுங்கள். நூலில் கட்டிய நட் ஒன்று இருந்தாலே தூக்குநூலுக்குப் போதும்.

எங்கள் பக்கத்தில் இதில் கஷ்டமான காரியம் சமதரையைக் கண்டுபிடிப்பதுதான். தலவாக்கலையிலோ ஹப்புத்தளையிலோ வீட்டு வாசல் பெரும்பாலும் சரிவாகத்தான் இருக்கும். சரிவில் நிற்கும் காரின் தாழ்ந்த பக்கத்தில் பாரம் கூடி, அந்தப் பக்கத்து இடைவெளி குறைந்து காட்டும். பெட்ரோல் ஷெட்டின் சீமெந்துத் தளம், டவுனில் உள்ள விளையாட்டு மைதானத்தின் ஓரம், கோயில் முன்றல் என்று ஓரளவு மட்டமான இடமாகப் பாருங்கள். டிக்கியில் இருக்கும் மூட்டை முடிச்சுகளை இறக்கிவிடுங்கள். காரை ஜாக்கில் தூக்கியிருந்தால் இறக்கிய உடனே அளக்காதீர்கள். ஷொக் எப்சோபர் நீண்ட நிலையிலேயே நிற்கும். சில மீற்றர் முன்னும் பின்னும் ஓட்டி, நான்கு மூலையையும் கையால் இரண்டு தடவை அமுக்கிவிட்டு அளந்து பாருங்கள்.

ஒவ்வொரு சக்கரத்திலும் மூன்று அளவு வேண்டும். ஹப்பின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்ட் விளிம்பு வரை உள்ள தூரம் முதலாவது. டயர் மாறினாலும் மாறாத அளவு இது. பின்னால் எதையும் ஒப்பிட இதுதான் அடிப்படை. டயர் உச்சியிலிருந்து மட்கார்ட் வரை உள்ள இடைவெளி அடுத்தது. மட்கார்ட் விளிம்பிலிருந்து தூக்குநூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் வெளிப்பக்கத்துக்கும் நடுவே உள்ள தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டயர் எவ்வளவு உள்வாங்கி நிற்கிறது என்பதை இது சொல்லும்.

டயர் தேய்ந்திருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புது டயரில் பூ ஆழம் சுமார் 8 மில்லிமீற்றர் இருக்கும். அது 2 மில்லிமீற்றருக்குத் தேய்ந்திருந்தால் இடைவெளி ஏற்கெனவே 6 மில்லிமீற்றர் கூடிவிட்டது. இப்போது கண்ணை உறுத்தும் இடைவெளியில் ஒரு பகுதி புது டயர் போட்டாலே போய்விடும்.

பழைய இடைவெளி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

நம் ஊர்களில் பல கார்கள் இரண்டு மூன்று கை மாறியவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களே கை மாறி மாறி ஓடின. முன்பு வைத்திருந்தவர் தோட்டத்து ரோட்டுக்காக ஸ்ப்ரிங்குக்கு மேலே ரப்பரோ அலுமினியத் துண்டோ வைத்து உயர்த்தியிருக்கலாம். எங்கள் காரில் பின்பக்கத்து இரண்டு ஸ்ப்ரிங்கிலும் ரப்பர் இருந்ததை, வீல் வாங்கி மாதக்கணக்கான பிறகுதான் கண்டோம். காரைத் தூக்கி ஸ்ப்ரிங்கின் இரு முனைகளையும் ஷொக்கின் தலைப்பகுதியையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். அங்கே வெளித்துண்டு ஏதாவது இருந்தால், அதை வைப்பதா எடுப்பதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகே வீல்.

முன்பக்கத்தை விடப் பின்பக்க இடைவெளி கொஞ்சம் கூட இருந்தால் அது பெரும்பாலும் கோளாறு அல்ல. பின் சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையச் சாமான் என்று ஏற்றிய பிறகும் கார் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். வெறும் காரில் பின்பக்கத்தை முன்பக்கத்துக்குச் சமமாக்கப் பார்த்தால், குடும்பத்தோடு கண்டிக்குப் போய் வரும் அன்று டயர் உள்ளே உரசும். இடது வலது வித்தியாசம்தான் கவலைப்பட வேண்டியது. ஒரே அச்சில் இரு பக்கமும் 10 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபட்டால் ஸ்ப்ரிங் தளர்ந்தோ உடைந்தோ இருக்கலாம்.

டயரை முதலில், ரிம்மை அப்புறம்

பெரும்பாலானோர் ரிம்மின் டிசைனைப் பார்த்து வாங்கிவிட்டு, கடையில் கிடைக்கும் டயரை அதில் ஏற்றுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

விட்டம் கணக்கிடுவது சுலபம். டயர் அகலத்தைப் பக்கச்சுவரின் சதவீதத்தால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, அதோடு ரிம்மின் அங்குலத்தை 25.4ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 185/65 ஆர் 15 என்றால் 185இல் 65 சதவீதம் 120.25, இரண்டு பக்கமும் சேர்த்து 240.5, 15 அங்குலம் 381, மொத்தம் 621.5 மில்லிமீற்றர்.

அலியன் 260, பிரீமியோ 260 வைத்திருப்பவர்களுக்காக, அந்த 621.5 உடன் ஒப்பிட்டுக் கணக்கிட்டவை இவை:

195/60 ஆர் 15: 615. இடைவெளி 3 மில்லிமீற்றர் கூடும்.
195/65 ஆர் 15: 634.5. இடைவெளி 6.5 குறையும்.
195/55 ஆர் 16: 620.9. மாற்றம் இல்லை என்றே சொல்லலாம்.
205/50 ஆர் 16: 611.4. இடைவெளி 5 கூடும்.
205/55 ஆர் 16: 631.9. இடைவெளி 5 குறையும்.
205/45 ஆர் 17: 616.3. இடைவெளி 2.6 கூடும்.
215/45 ஆர் 17: 625.3. இடைவெளி 2 குறையும்.
205/40 ஆர் 17: 595.8. இடைவெளி 13 கூடும்.

எக்ஸியோ 160இல் வரும் 175/65 ஆர் 15 டயரின் விட்டம் 608.5. அதற்கு 185/55 ஆர் 16 போட்டால் 609.9, ஏறக்குறைய அதே விட்டம். ஹொண்டா கிரேஸிலும் இந்த அளவு வருவதால் டயர் தேடி அலைய வேண்டியதில்லை. 195/50 ஆர் 16 என்றால் 601.4, இடைவெளி மூன்றரை மில்லிமீற்றர் கூடிவிடும்.

என் பரிந்துரை, கொம்பனி விட்டத்துக்குக் கீழே போகவே வேண்டாம். சமமாக இருக்கட்டும், அல்லது 2 சதவீதம் வரை பெரிதாக இருக்கட்டும். விட்டம் கூடும்போது ஸ்பீடோமீற்றர் காட்டுவதை விடக் கார் சற்று வேகமாக ஓடும். 2 சதவீதம் என்றால் மணிக்கு 50 காட்டும்போது கூடுதலாக ஒரு கிலோமீற்றர்தான். அதற்கு மேல் போனால், கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது உள் பிளாஸ்டிக்கில் டயர் உரசும் வாய்ப்பு கூடுகிறது. றம்பொடைப் பக்கம் ஏறி இறங்குபவருக்கு அது எப்போதாவது வரும் தொல்லையாக இருக்காது.

டயரின் சுமை எண்ணையும் பாருங்கள். 185/65 ஆர் 15 டயரில் 88 என்று இருக்கும். ஒரு டயருக்கு 560 கிலோ. 205/45 ஆர் 17இல் 84 என்று வருபவை 500 கிலோதான் தாங்கும். நான்கு டயருக்கும் 240 கிலோ குறைகிறது. ஐந்து பேரோடு, டிக்கியில் இரண்டு மூட்டை லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு இறங்கும் காருக்கு அது சரிவராது. அதே அளவில் பக்கச்சுவரில் எக்ஸ்.எல். (கூடுதல் சுமை தாங்குவது) என்று போட்டு 88 வருபவையும் உண்டு, அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

அகலமும் ஓஃப்செட்டும்

நாடாவில் அளக்கும் இடைவெளி வேறு, கண்ணுக்குத் தெரியும் இடைவெளி வேறு. டயர் மட்கார்டுக்குள் ஆழமாக உள்வாங்கி நின்றால், அந்த இருட்டுக் குழி முழுவதும் கண்ணில் படும். அதே டயரைச் சற்று வெளியே கொண்டுவந்தால் ஒரு மில்லிமீற்றரும் மாறாமலே இடைவெளி சிறிதாகத் தெரியும். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாப் பக்கம் மகாகஸ்தோட்டை, ராதெல்லை மலையேற்றப் பந்தயங்களைப் பார்க்கப் போகும் பிள்ளைகள் கார்களைப் பார்த்து ஆசைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். கார் தாழ்ந்திருப்பதை மட்டும் நாம் கவனிக்கிறோம். சக்கரம் மட்கார்டின் ஓரத்தோடு ஒட்டி நிற்பதைக் கவனிப்பதில்லை.

இதைத் தீர்மானிப்பவை ரிம்மின் அகலமும் ஓஃப்செட்டும். ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் வெளிப்பக்கமாக இருக்கிறது என்பதே ஓஃப்செட். எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். ரிம்மின் பின்புறத்திலோ ஆரங்களின் உட்பக்கத்திலோ 45 என்றோ இ.டி.45 என்றோ அச்சாகியிருக்கும். உங்கள் பழைய ரிம்மைக் கழற்றி அதன் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படி. பழையது 6ஜே, அதாவது 6 அங்குல அகலம், ஓஃப்செட் 45 என்று வைத்துக்கொள்வோம். அகலத்தை மில்லிமீற்றராக்கிப் பாதியாக்கினால் 76.2. அதில் 45ஐக் கழித்தால் வெளிப்பக்கம் 31.2, 45ஐக் கூட்டினால் உட்பக்கம் 121.2. புதியது 6.5ஜே, ஓஃப்செட் 40 என்றால் வெளிப்பக்கம் 42.55, உட்பக்கம் 122.55. அதாவது சக்கரம் 11 மில்லிமீற்றர் வெளியே வருகிறது, உள்ளே ஒரு மில்லிமீற்றரைத்தான் கூடுதலாகப் பிடிக்கிறது. தூக்குநூலில் உங்களுக்கு 20 மில்லிமீற்றர் கிடைத்திருந்தால் இது அருமையான பொருத்தம். 7ஜே, ஓஃப்செட் 38 என்றால் கிட்டத்தட்ட 20 மில்லிமீற்றர் வெளியே வந்துவிடும்; அதற்கு மேல் அகலமான டயரின் வயிறும் சேரும். அந்தக் காரில் ஆளேற்றினால் மட்கார்ட் விளிம்பு டயரைச் சீவும்.

டயரின் வெளிப்பக்கம் மட்கார்ட் விளிம்புக்குள் ஐந்து முதல் எட்டு மில்லிமீற்றர் உள்ளே நிற்கட்டும். அது கண்ணுக்கும் நிறைவாக இருக்கும், மழைச்சேறும் கதவில் அடிக்காது. வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் சக்கரம் தோட்டத்து ரோட்டில் சரளைக்கல்லைத் தூக்கி உங்கள் கதவின் பெயின்ட்டிலேயே அடிக்கும். ஓஃப்செட்டை அதிகம் குறைத்தால் வீல் பெயரிங்குக்கும் சுமை கூடும், பள்ளத்தில் விழும்போது ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். பழைய எண்ணிலிருந்து பத்துக்குள் நின்றுகொள்வது நல்லது. உட்பக்கத்தில் டயருக்கும் ஷொக்கின் தட்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு சுண்டுவிரல் தடிப்பாவது இருக்க வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளைக் காரில் கறுப்பு ரிம் போட்டால் ரிம், டயர், இடைவெளி மூன்றும் ஒரே கறுப்பாகச் சேர்ந்து பெரிய குழிபோலத் தெரியும். வெள்ளி நிற ரிம்மில் கண் ரிம்மிலேயே நின்றுவிடும். கறுப்புக் காரில் எதைப் போட்டாலும் இடைவெளி அவ்வளவாகத் தெரியாது.

மலை ரோட்டுக்கு எத்தனை அங்குலம்

15 அங்குலத்தில் வந்த காருக்கு 16 போதும் என்பது என் உறுதியான கருத்து. விட்டம் மாறாமல் ரிம் மட்டும் பெரிதானால் பக்கச்சுவர் மெலியும். 185/65 ஆர் 15இல் பக்கச்சுவர் 120 மில்லிமீற்றர். 195/55 ஆர் 16இல் 107. 205/45 ஆர் 17இல் 92. ஹட்டன் வீதியின் கார்பட் ரோட்டில் மட்டும் ஓடுபவருக்கு 17 பரவாயில்லை. அதிலிருந்து விலகித் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் கல்லும் கானின் ஓரமும் டயரைக் கடித்து ரிம்மை வளைக்கும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்; ஒரே மழைக்காலத்தில் இரண்டு ரிம் வளைந்தன.

இடைவெளியின் அழகுக்கும் 16தான் உதவுகிறது. மெல்லிய பக்கச்சுவருக்கு மேலே அதே அளவு இடைவெளி இருந்தாலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். தடித்த டயர் வளைவை நிரப்பியதுபோல நிற்கும்.

பாரத்தையும் தராசில் நிறுத்துப் பாருங்கள். பழைய ரிம்மும் டயரும் சேர்ந்து எத்தனை கிலோ, புதியது எத்தனை கிலோ என்று. கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் 1500 சீசீ காருக்கு, ஒவ்வொரு மூலையிலும் கூடும் இரண்டு மூன்று கிலோ காலில் தெரியும். இறக்கத்தில் பிரேக்குக்கும் அது சுமை. முகம் மூடிய டிசைனை விட ஆரங்களுக்கு நடுவே காற்றுப் போகும் டிசைனே நமக்கு உகந்தது. நுவரெலியாவிலிருந்து கம்பளை வரை இறங்கும் பிரேக்கின் சூடு வெளியேற வழி வேண்டும்.

பொருந்துமா என்று பார்ப்பது

நட் எண்ணிக்கையும் பி.சி.டி.யும் (நட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மில்லிமீற்றரில்) முதலில் பொருந்த வேண்டும். அலியன் 260க்கு 5 நட், 100. கொரோலா 121, எக்ஸியோ 160 இரண்டுக்கும் 4 நட், 100. பொருந்தாத ரிம்முக்கு ஓட்டையை நீட்டிக் கடைவது, மாற்றுத் தட்டு வைத்து அடிப்பது எல்லாம் வேண்டாம். இறக்கங்களில் உயிரையே அந்த நான்கைந்து நட்டிடம்தான் ஒப்படைக்கிறோம்.

அடுத்தது நடு ஓட்டை. மேலே சொன்ன டொயோட்டாக்களின் ஹப் 54.1 மில்லிமீற்றர். 4 நட், 100 பி.சி.டி. உள்ள ஹொண்டாக்களில் 56.1. வெளியே வாங்கும் ரிம்களில் பெரும்பாலும் 67, 73 என்று பெரிய ஓட்டை இருக்கும், எல்லாக் காருக்கும் போட வேண்டும் என்பதற்காக. நடுவில் மிஞ்சும் இடத்துக்கு ஹப் ரிங் போடாவிட்டால் சக்கரம் சரியாக மையத்தில் உட்காராமல், 80 கிலோமீற்றரில் ஸ்டீயரிங் நடுங்கும். எத்தனை தடவை பெலன்ஸ் செய்தாலும் அது போகாது. அலுமினிய ரிங்காக வாங்குங்கள். பிளாஸ்டிக் ரிங் நீண்ட இறக்கத்தின் பிரேக் சூட்டில் இளகிவிடும்.

நட்டின் புரி டொயோட்டா, ஹொண்டா, மிட்சுபிஷியில் 12க்கு 1.5 (தடிப்பு 12 மில்லிமீற்றர், புரிக்குப் புரி 1.5 மில்லிமீற்றர்), நிசானிலும் சுசுகியிலும் 12க்கு 1.25. மாற்றி இறுக்கினால் புரி போய்விடும். நட் உட்காரும் வடிவமும் முக்கியம். டொயோட்டாவின் சொந்த அலோய் ரிம்மில் வொஷரோடு தட்டையாக உட்காரும் நட், ஹொண்டாவில் உருண்டையாக உட்காரும் நட். வெளி ரிம்களில் பெரும்பாலும் கூம்பு நட்தான் வேண்டும். பழைய நட்டையே போட்டு அனுப்பும் கடைகள் உண்டு. கையில் எடுத்துப் பார்த்துக் கேளுங்கள்.

ஓஃப்செட் போதவில்லை என்று மெல்லிய ஸ்பேசர் வைப்பவர்கள், நட் எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ண வேண்டும். 1.5 புரியில் குறைந்தது 8 சுற்று, 1.25 புரியில் 10 சுற்று முழுதாக ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஸ்பேசரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

பழைய ஜப்பான் ரிம் வாங்கும்போது

புதுப் போலி ரிம்மை விட, கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பழைய ஜப்பான் ரிம் பல சமயம் நல்லது. ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. முத்திரைகள் ஜப்பானின் தரப் பரிசோதனையைக் குறிப்பவை. அவற்றையும் போலியாக அச்சிடுகிறார்கள், ஆகவே முத்திரையை மட்டும் நம்பாமல் ரிம்மைச் சோதியுங்கள். பெலன்ஸ் மெசினில் ஏற்றிச் சுற்றவிட்டு, டயர் இல்லாத விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். துள்ளலும் ஆட்டமும் அங்கேதான் தெரியும். உட்பக்க விளிம்பில் வெல்டிங் அடையாளம், ஆரத்தின் அடியில் மயிரிழைக் கீறல், புதுப் பெயின்ட்டின் கீழ் தடவிய மாவு ஆகியவற்றை விரல் நகத்தால் தடவித் தேடுங்கள். வெல்டிங் செய்த ரிம்மை நான் எந்த விலைக்கும் வாங்க மாட்டேன்.

ரிம்மோடு சேர்த்துத் தரும் டயரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ நிறைய இருந்தாலும் வயதான ரப்பர் நனைந்த ரோட்டில் பிடிக்காது. எங்கள் ரோடோ வருடத்தில் பாதி நாள் நனைந்தே கிடக்கும்.

ஒரு வீலைப் போட்டுப் பாருங்கள்

காசு கொடுக்கும் முன், டயர் ஏற்றிய ஒரே ஒரு வீலை முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை போட்டுப் பார்க்கக் கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் மறுக்க மாட்டார். கையால் சுற்றிப் பிரேக் கலிப்பரில் முட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, காரை இறக்கி ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை ஒடியுங்கள்.

அப்புறம்தான் உண்மையான சோதனை. மட்கார்டின் உள்விளிம்பிலும் உள் பிளாஸ்டிக்கிலும் வெண்கட்டியைத் தடித்துப் பூசுங்கள். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ரோட்டிலிருந்து குறுக்காக ஏறும் ஒரு வாசலுக்கு மெதுவாக ஓட்டுங்கள். ஒரு மூலை அமுங்கி எதிர்மூலை தூக்கும்படியான வாசல் எங்கள் ஊர்களில் தேட வேண்டியதே இல்லை. அந்த நிலையிலேயே ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து இறங்கி வாருங்கள். வெண்கட்டி டயரில் ஒட்டியிருந்தால் அங்கே உரசுகிறது. பிளாஸ்டிக்கில் லேசாகப் பட்டால் அதைச் சூடாக்கித் தள்ளிவிடலாம். இரும்பு விளிம்பில் பட்டால் அந்த வீல் உங்கள் காருக்கு இல்லை.

அடுத்து, முதலில் எழுதிய அளவுகளை மறுபடி எடுங்கள். ஹப்பிலிருந்து மட்கார்ட் வரை உள்ள தூரம் மாறாமல் இருக்க வேண்டும். டயர் இடைவெளி உங்கள் கணக்கோடு இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குள் பொருந்த வேண்டும். ஒரே அளவு டயரே கொம்பனிக்குக் கொம்பனி அவ்வளவு வித்தியாசப்படும்.

இத்தனைக்குப் பிறகும் இடைவெளி கூடுதலாகத் தெரிந்தால் ஸ்ப்ரிங்கை வெட்டலாமா என்று தம்பிமார் கேட்கிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். வெட்டிய ஸ்ப்ரிங் தட்டில் சரியாக உட்காராது, பள்ளத்தில் தூக்கிப் போடும்போது இடம் விலகும். அந்தக் காருக்கென்றே செய்த, 20 மில்லிமீற்றர் அளவுக்கு இறக்கும் ஸ்ப்ரிங் கிடைத்தால், தோட்டத்து ரோட்டில் ஏறாத காருக்கு யோசிக்கலாம். எங்கள் வீட்டுக் காருக்கு அதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். பின் ரப்பரைக் கழற்றி, 6.5ஜே ஓஃப்செட் 40 ரிம்மில் 205/55 ஆர் 16 போட்டபோது, பின்பக்கம் நான்கு விரலாக இருந்தது இரண்டரை விரலாகிவிட்டது. முன்பு தட்டிய கல்லில் இப்போது கார் தட்டுவதில்லை.

பூட்டும் நாள்

ஹப் முகத்தில் உள்ள துருவைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நட்டைக் கையால் நான்கைந்து சுற்று ஏற்றிய பிறகே ஸ்பேனர். நட்சத்திர வடிவில் எதிரெதிராக இறுக்கி, கடைசியில் டோர்க் ஸ்பேனரால் முடிக்க வேண்டும்; டொயோட்டாவின் இந்தக் கார்களுக்கு 103 நியூட்டன் மீற்றர், ஹொண்டாவுக்கு 108. காற்றுத் துப்பாக்கியால் மட்டும் அடித்துவிட்டு அனுப்பினால் பிரேக் டிஸ்க் கோணுவதும் உண்டு, நட் தளர்வதும் உண்டு. முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஸ்ப்ரிங் பக்கம் ஏதாவது கழற்றியிருந்தால் அலைன்மென்ட்டும் அன்றைக்கே செய்துவிடுங்கள்.

டிக்கியில் கிடக்கும் ஸ்பெயார் வீலை மறந்துவிடாதீர்கள். அது பழைய விட்டத்திலேயே இருக்கும், பழைய வடிவ நட்டையே கேட்கலாம். முக்கியமாக ஹொண்டாக்காரர்கள் உருண்டை நட்களை ஒரு சிறு பையில் போட்டு அதோடு வைக்க வேண்டும். புது நட்டுக்குத் தனிச் சாவி தந்திருந்தால் அதையும் அதே பைக்குள் போடுங்கள். வட்டவளையில் இரவு மழையில் டயர் போனால் அந்தச் சாவிக்கு மாற்று கிடையாது.